சிச்சுவான் உணவகத்தில் குடும்பச் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவின் சிச்சுவான் மாகாணத் தலைநகரான செங்டூவிலோ, வேறு ஊர்களில் சிச்சுவான் சமையற்காரர்கள் நடத்தும் உணவகத்திலோ ஆறு பேர், எட்டு பேராகப் போய் உட்காரும் குடும்பங்களுக்காக இந்தப் பக்கம். நம் ஊர் ‘செஷ்வான் ஃபிரைட் ரைஸ்’ கடைகளுக்கு இதில் உள்ளது பொருந்தாது. ஏன் என்று கீழே ஒரு கேள்வியில் சொல்லியிருக்கிறோம்.

எத்தனை பேருக்கு எத்தனை அயிட்டம் சொல்ல வேண்டும்?

தலைக்கு ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று. ஆறு பேர் என்றால் ஏழு: குளிர்ந்த பதார்த்தம் ஒன்று, சூடானவை ஐந்து, சூப் ஒன்று. சோறு இந்தக் கணக்கில் சேராது. சின்னப் பிள்ளைகள் இருவரை ஒரு ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கு மேல் போனால் கூடுதலாக ஒன்று வேண்டாம். அயிட்டங்களைக் கூட்டுவதைவிட, ஒன்றிரண்டைப் பெரிய தட்டாகக் கேட்பது நல்லது.

சீனாவில் 2021 ஏப்ரல் 29 அன்று உணவு வீணாவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அதன் பிறகு, அளவுக்கு மீறிச் சொன்னால் பரிமாறுபவரே நிறுத்தச் சொல்வது சகஜம். அவர் பேச்சைக் கேளுங்கள், தட்டின் அளவு அவருக்குத்தான் தெரியும். சிறிய அளவு வேண்டுமென்றால் ‘ஷியாவ் ஃபன்’ என்று கேட்கலாம், பல கடைகளில் கிடைக்கும்.

எதை எதோடு சேர்த்துச் சொல்வது? எல்லாமே காரம்தானே?

இல்லை. சிச்சுவான் சமையற்காரர்கள் 24 சுவைக் கூட்டுகளைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். மிளகாயே சேராதவை அவற்றில் பல உண்டு: புகையூட்டியவை, இஞ்சிச் சாற்றில் செய்தவை, உப்பும் சாறும் மட்டுமே உள்ளவை, சர்க்கரையும் வினிகரும் சேர்ந்தவை. சிச்சுவான் சமையலின் உச்சம் என்று அவர்களே சொல்லும் ஒரு பதார்த்தம் தெளிந்த கோழிச்சாற்றில் மிதக்கும் முட்டைகோஸ் குருத்து. அதில் ஒரு துளி சிவப்பு கிடையாது. மிளகாய் சீனாவுக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான்.

குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு, படத்தைப் பார்த்து ஆளுக்கு ஒன்று கைகாட்டுவது. படத்தில் எடுப்பாகத் தெரிவது சிவப்புத்தான். கடைசியில் மேஜையில் ஐந்து சிவப்புத் தட்டுகள் நிற்கும். இரண்டாவது தட்டோடு நாக்கு களைத்துவிடும், மீதி மூன்றுக்கும் கொடுத்த பணம் வீண். ஒருவர் மட்டும் மெனுவை வாங்கி, மேஜை மொத்தத்தையும் மனதில் வைத்துச் சொல்ல வேண்டும்.

ஐந்து சூடான தட்டுகளை இப்படிப் பிரிக்கலாம். காரமும் மரப்பும் சேர்ந்தவை (அவர்கள் ‘மாலா’ என்பது இதைத்தான்) இரண்டு. இனிப்பும் புளிப்பும் கலந்தது ஒன்று. மிளகாய் இல்லாமல் ஆவியில் வைத்ததோ புகையூட்டியதோ ஒன்று. வெறும் பூண்டு போட்டு வதக்கிய கீரை ஒன்று. இதோடு இன்னொரு சோதனையும் வேண்டும்: ஒரே கறி இரண்டு தட்டில் வரக்கூடாது, ஒரே செய்முறையும் இரண்டு முறை வரக்கூடாது. பொரித்தது ஒன்று வந்துவிட்டால் அடுத்தது வேக வைத்ததாக இருக்கட்டும்.

நான்கு பெரியவர்கள், சற்று வளர்ந்த இரண்டு பிள்ளைகள் என்றால் நாங்கள் சொல்லும் மேஜை இது. முதலில், நசுக்கிய வெள்ளரிக்காயில் பூண்டும் வினிகரும் விட்ட குளிர்ந்த தட்டு. பிறகு மாப்போ டோஃபு (கொத்துக்கறியோடு காரக் குழம்பில் வெந்த சோயாப் பனீர்), ஊறுகாய் போட்ட கடுகுக்கீரையில் வெந்த மீன் (சுவான்சாய் யூ), குங் பாவ் சிக்கன் (வேர்க்கடலையும் வற்றல் மிளகாயும் போட்ட கோழி வதக்கல்), தேயிலையும் கற்பூர மரத்து இலையும் போட்டுப் புகையூட்டிய வாத்தில் பாதி, பருவத்துக்கு ஏற்ற கீரை ஒன்று. முள்ளங்கியும் பன்றி விலா எலும்பும் போட்ட சூப். பன்றி வேண்டாம் என்றால் தக்காளி முட்டை சூப். கடைசியில் பிள்ளைகளுக்குப் பொரித்த அரிசிக் கொழுக்கட்டை (ஹோங்டாங் ட்சுபா). அதன் மேல் வெல்லப்பாகு மாதிரி ஒரு பாகும் வறுத்த சோயா மாவும் போட்டுத் தருவார்கள். இதில் சோயாபீன் பல வடிவத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, உண்மைதான். ஆனால் சாப்பிடும்போது அது தெரியாது.

எந்த வரிசையில் வரும்? சோறு ஏன் வரவே மாட்டேன் என்கிறது?

குளிர்ந்த தட்டு முதலில் வரும். மற்றவை அடுப்பிலிருந்து இறங்க இறங்க வரும், நாம் கேட்ட வரிசையில் அல்ல. சூப் நடுவிலோ கடைசியிலோ வந்து சேரும்.

சோற்றைக் கடைசியில் கொண்டுவருவது அங்கே வழக்கம். விருந்து என்றால் பதார்த்தங்களைத் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, முடிவில் வயிற்றை நிரப்பச் சோறு. நமக்கு அது ஒத்துவராது, மாப்போ டோஃபுவை வெறும் வாயில் தின்னவும் முடியாது. ஆர்டர் சொல்லும்போதே ‘மிஃபான்’ (சோறு) முதலிலேயே வேண்டும் என்று அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

ஃபிரைட் ரைஸ் சொல்லாதீர்கள். சிச்சுவான் தட்டுகளில் எண்ணெய் ஏற்கெனவே தாராளம். அந்த எண்ணெயையும் உப்பையும் வாங்கிக்கொள்ள வெறும் சோறுதான் சரி. எண்ணெயில் வதங்கிய சோற்றில் எண்ணெய்க் குழம்பை ஊற்றினால் பாதியிலேயே திகட்டிவிடும்.

நாக்கும் உதடும் மரத்துப்போகின்றன. ஏதாவது ஒவ்வாமையா?

பெரும்பாலும் இல்லை, அது சிச்சுவான் மிளகின் வேலை. பெயரில்தான் மிளகு. அது நம் மிளகுக் கொடிக்குச் சொந்தமில்லை, எலுமிச்சைக் குடும்பத்து முட்செடியின் காய்த்தோல். கொங்கணக் கரையில் மீன்குழம்பில் போடும் திர்ஃபலும், நேபாளத்துத் திம்மூரும் இதன் நெருங்கிய உறவுகள். அதில் உள்ள சான்ஷூல் என்ற பொருள் தொடு உணர்வு நரம்புகளைத் தூண்டுகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2013-இல் இதை அளந்து பார்த்தார்கள். உதட்டில் வினாடிக்கு ஏறக்குறைய 50 அதிர்வுகளை உணர்வதற்குச் சமமாக இருந்தது.

தண்ணீர் குடித்தால் மரப்பு போகாது. சில நிமிடங்கள் சும்மா இருந்தால் தானே இறங்கும். மிளகாய்க் காரம் வேறு விஷயம். அதற்குப் பால், தயிர், சோயா பால் (டோநாய்) உதவும். ஐஸ் தண்ணீர் அந்த நொடிக்கு மட்டும்தான். கடையில் கொடுக்கும் சூடான கசப்புப் பக்வீட் தேநீர் எண்ணெயை வாயிலிருந்து கழுவ நன்றாக உதவும்.

முகம் வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, மூச்சு இளைப்பது இவையெல்லாம் மரப்பு அல்ல. உடனே மருத்துவ உதவி தேட வேண்டும். வேர்க்கடலை, எள் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தச் சமையலில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கடலை போக, எள் விழுதும் இடித்த கடலையும் குளிர்ந்த தட்டுகளிலும் நூடுல்ஸிலும் ஒளிந்திருக்கும். கோதுமை ஆகாதவர்களுக்கும் சிக்கல்: சோயா சாஸிலும், டோபான்ஜியாங் என்ற நொதித்த அவரை-மிளகாய் விழுதிலும் கோதுமை உண்டு.

காரத்தைக் குறைக்கச் சொன்னால் குறைப்பார்களா?

அப்போதைக்கப்போது வதக்கும் தட்டுகளில் குறைக்க முடியும். ‘வெய் லா’ என்றால் லேசான காரம், ‘ஜோங் லா’ நடுத்தரம், ‘பு லா’ காரமே வேண்டாம். செங்டூவின் வெய் லா வெளியூர்க்காரருக்கு நடுத்தரத்துக்கு மேல் இருக்கும். நம் வீட்டுச் சாப்பாட்டுக் காரத்தை நம்பி ஜோங் லாவில் தொடங்க வேண்டாம். நாம் பழகியது மிளகாய் மட்டும், மரப்பு சேரும்போது கணக்கு மாறும். மரப்பை மட்டும் தவிர்க்க ‘பு ஃபாங் ஹுவாஜியாவ்’ என்று சொல்லலாம். உச்சரிப்பு சரிப்படாவிட்டால் கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டுங்கள், அதுதான் நிச்சயம்.

குறைக்க முடியாதவையும் உண்டு. முன்பே மிளகாய் எண்ணெயில் ஊறியவை, ஆவியில் வைக்கத் தயாராகக் கலந்து வைத்தவை, டோபான்ஜியாங் விழுதே அடிப்படையானவை. மாப்போ டோஃபுவை ‘பு லா’ என்று கேட்டால் ஏதோ ஒரு டோஃபு வரும், மாப்போ வராது. அதற்குப் பதில் காரமில்லாத வேறு பதார்த்தத்தைச் சொல்லிவிடுவதே மேல்.

தட்டு முழுக்க வற்றல் மிளகாய். இதையெல்லாம் தின்ன வேண்டுமா?

வேண்டாம். சோங்கிங் பக்கத்து லாஸிஜி என்ற கோழி வறுவலில் மிளகாய்தான் அதிகம். கோழித் துண்டுகளை அதற்குள் தேடிப் பொறுக்க வேண்டும். மிளகாய் மணத்துக்கு மட்டும். துண்டுகள் எலும்போடு சின்னதாக வெட்டியவை, பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது பார்த்துக் கொடுங்கள்.

‘நீரில் வெந்த மீன்’ என்று மெனுவில் எழுதியிருக்கும் ஷுய்ஜூ யூவும் அப்படித்தான். வருவது பெரிய கிண்ணம் நிறைய மிளகாய் மிதக்கும் எண்ணெய். அது சூப் அல்ல, சோற்றில் ஊற்றவும் கூடாது. மீனையும் அடியில் கிடக்கும் சோயா முளையையும் துளைக்கரண்டியால் எடுத்து, ஒரு நொடி வடியவிட்டுச் சாப்பிடுங்கள்.

மாப்போ டோஃபு நன்றாகச் செய்திருக்கிறார்களா என்று எப்படித் தெரியும்?

ஒரு சிச்சுவான் கடையை எடைபோட இது ஒன்று போதும். விலை குறைவு, எல்லாக் கடையிலும் உண்டு, தப்பு செய்தால் மறைக்க முடியாது. இந்தப் பதார்த்தம் செங்டூவின் வடக்கே ஒரு பாலத்தோரக் கடையில் பிறந்தது. சமைத்த பெண்மணி சென் குடும்பத்து மருமகள், முகத்தில் அம்மைத் தழும்பு உள்ளவர். ‘மாப்போ’ என்பது அந்தத் தழும்பைக் குறிக்கும் பட்டப்பெயர். அந்தப் பெயரில் இன்றும் நடக்கும் கடை தன் தொடக்கம் 1862 என்று போட்டுக்கொள்கிறது.

தட்டு வந்ததும் முதலில் ஓரத்தைப் பாருங்கள். டோஃபுவைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு எண்ணெய் வளையம் நிற்க வேண்டும். அது சூட்டைப் பிடித்து வைக்கும். எண்ணெய்க்குப் பதில் வெளிறிய தண்ணீர் கசிந்திருந்தால், டோஃபுவை முன்கூட்டி உப்புநீரில் கொதிக்க வைக்காமல் நேரே வாணலியில் போட்டிருக்கிறார்கள். அடுத்து துண்டுகள். இரண்டு சென்டிமீட்டர்க் கனசதுரம், முனை உடையாமல், சோப்ஸ்டிக்கில் எடுத்தால் நடுங்க வேண்டும். குழம்பு துண்டின் மேல் மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்க வேண்டும். கொத்துக்கறி மொறுமொறு என்று தனித்தனியாகக் கிடக்க வேண்டும், மெத்தென்று வெந்த உருண்டையாக அல்ல. மேலே தூவிய சிச்சுவான் மிளகுத்தூளின் எலுமிச்சை மணம் தட்டு மேஜைக்கு வரும்போதே மூக்கில் ஏற வேண்டும். மணம் இல்லாமல் கசப்பு மட்டும் இருந்தால் பொடித்து நாளான தூள்.

இனிப்பாக இருந்தால்? அது சிச்சுவான் வகை அல்ல.

அதை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். டோபான்ஜியாங் விழுது கிடைப்பதுதான் முக்கியம். இது அகன்ற அவரை வகைப் பருப்பையும் சிவப்பு மிளகாயையும் உப்பிட்டு நொதிக்கவைத்த விழுது. செங்டூவை ஒட்டிய பிஷியன் ஊர்ச் சரக்குக்குத்தான் பெயர். ஓராண்டு, அதற்கு மேலும் ஊறிய சரக்கு நல்ல அரக்கு நிறத்தில் இருக்கும். கொரிய மிளகாய் விழுதோ, பாட்டிலில் வரும் செஷ்வான் சாஸோ இதற்கு மாற்று ஆகாது.

நான்கு பேருக்கு: மென்மையான டோஃபு 400 கிராம், கொத்துக்கறி 80 கிராம் (மரபில் மாடு, ஆடும் நன்றாக வரும்), டோபான்ஜியாங் இரண்டு மேஜைக்கரண்டி, நொதித்த கறுப்பு சோயா (டோஷி) ஒரு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய இஞ்சியும் பூண்டும் தலா ஒரு மேஜைக்கரண்டி, எண்ணெய் நான்கு மேஜைக்கரண்டி, தண்ணீர் அல்லது சூப் 250 மில்லி, சோள மாவு ஒரு மேஜைக்கரண்டியை மூன்று மேஜைக்கரண்டித் தண்ணீரில் கரைத்தது, வறுத்துப் பொடித்த சிச்சுவான் மிளகு ஒரு தேக்கரண்டி, பூண்டுத் தாள் அல்லது வெங்காயத்தாள்.

டோஃபுவை உப்புப் போட்ட, கொதிக்கப்போகும் தண்ணீரில் மூன்று நிமிடம் வைத்திருங்கள். உள்ளிருக்கும் நீர் கொஞ்சம் வெளியேறும், பச்சை வாடை போகும், துண்டுகள் இறுகும். எண்ணெயில் கொத்துக்கறியை ஈரம் வற்றி மொறுமொறுப்பாகும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். இனித் தீயைக் குறைத்து டோபான்ஜியாங். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தீ அதிகமானால் விழுது கருகிக் கசக்கும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் பச்சை வாடை நிற்கும், எண்ணெயும் சிவக்காது. எண்ணெய் செக்கச்செவேல் என்று ஆகி, வாசனை எழும்வரை ஒன்றிரண்டு நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். பிறகு டோஷி, இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், உடனே தண்ணீர். கொதி வந்ததும் வடித்த டோஃபு. கரண்டியின் முதுகால் தள்ளிவிடுங்கள், கிளறினால் உடையும். ஐந்து நிமிடம் கொதிக்கட்டும்.

மாவுக் கரைசலை ஒரே மூச்சில் ஊற்றக்கூடாது. மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் கொதிக்க விடுங்கள். முதல் தடவை குழம்பு கெட்டியானதும் டோஃபு மறுபடி நீர் விடும், அதனால்தான் இரண்டாவதும் மூன்றாவதும். கடைசியில் பூண்டுத் தாள், தட்டில் மாற்றியபின் மிளகுத்தூள். விழுதிலேயே உப்பு ஏராளம். ருசி பார்த்துவிட்டு மட்டும் உப்பைத் தொடுங்கள்.

குங் பாவ் சிக்கனில் குடைமிளகாய் இருக்கிறதே, அது சரியா?

சிச்சுவானில் இருக்காது. கோழித்தொடைக் கறி, வெங்காயத்தாளின் வெள்ளைப்பகுதி, வறுத்த வேர்க்கடலை, வற்றல் மிளகாய், சிச்சுவான் மிளகு, அவ்வளவுதான். 1876 முதல் 1886-இல் இறக்கும்வரை சிச்சுவானை ஆண்ட டிங் பாவ்ஜென் என்ற அதிகாரியின் பட்டப்பெயர் இதற்கு நிலைத்துவிட்டது. சுவை இலேசான புளிப்பும் இனிப்பும். முடிந்தபின் தட்டில் கொஞ்சம் எண்ணெய் மட்டும் மிஞ்ச வேண்டும். குழம்பு குளமாக நின்றால் வாணலி போதிய சூடில்லை. கடலை சவசவ என்றிருந்தால் அதைக் கடைசியில் போடாமல் முன்னாலேயே போட்டிருக்கிறார்கள்.

பன்றிக்கறி சாப்பிடுவோம். எதைச் சொல்லலாம்?

ஹுய்குவோரோ. செங்டூ வீடுகளிலும் இதுதான். தோலோடு உள்ள பின்தொடைக் கறியை முழுசாக வேகவைத்து, ஆறவைத்து, மெல்லியதாக அரிந்து, மறுபடி வாணலியில் டோபான்ஜியாங்கோடு வதக்குவார்கள். ஆறுமுன் அரிந்தால் கொழுப்பும் சதையும் பிரிந்துவிடும். சரியாக வதங்கிய துண்டு ஓரம் மேலெழும்பி அகல் விளக்குபோல் குழிந்திருக்கும். தட்டையாகக் கிடந்தால் கொழுப்பு உருகவில்லை என்று அர்த்தம், இரண்டு துண்டில் திகட்டும். கூடவே பூண்டுத் தாள் போட வேண்டும். வெளிநாட்டுக் கடைகளில் முட்டைகோஸும் குடைமிளகாயும் வந்தால் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பூண்டுத் தாள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

மூன்று இடங்களில். மாப்போ டோஃபுவில் உள்ள கொத்துக்கறி மரபுப்படி மாடு. ஃபூச்சி ஃபெய்பியான் என்ற குளிர்ந்த தட்டு முழுக்க மாட்டுக்கறியும் உள்ளுறுப்பும்தான். மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது: சோங்கிங் பாணி ஹாட்பாட்டின் (மேஜையிலேயே கொதிக்கும் சாற்றில் கறி, காயைப் போட்டு எடுத்துச் சாப்பிடுவது) சாறு மாட்டுக்கொழுப்பில் செய்தது. அதில் காய்கறியை மட்டும் போட்டு எடுத்தாலும் கொழுப்பு மாட்டுடையது. ‘சிங்யோ’ சாறு கேட்டால் கடுகு இனத்து எண்ணெயில் செய்ததைத் தருவார்கள். ‘வோ பு ச்சர் நியூ ரோ’ என்றால் நான் மாட்டுக்கறி சாப்பிடுவதில்லை என்று பொருள்.

சைவர்களுக்கு என்ன கிடைக்கும்?

காய்கறித் தட்டு நிறையக் கிடைக்கும், சைவம் குறைவாகவே கிடைக்கும். காரணம், காய்க்கு ருசிகூட்டக் கறி போடுவது அங்கே சாதாரணம். மீனே இல்லாத ‘மீன் மண’க் கத்திரிக்காயில் பன்றிக் கொத்துக்கறி இருக்கும். வறுத்த பீன்ஸில் கொத்துக்கறியும் இபின் ஊர் ஊறுகாய்க்கீரையும் இருக்கும். கீரையைப் பன்றிக்கொழுப்பில் வதக்குவார்கள். வெறும் டோஃபு சூப்பின் அடியும் கோழிச்சாறாக இருக்கலாம். இதற்கும் மேல் கோழிப்பொடி. ‘கறி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் கறித்துண்டை எடுத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவார்கள். ‘கறி, கொத்துக்கறி, பன்றிக்கொழுப்பு, கோழிச்சாறு, கோழிப்பொடி எதுவும் வேண்டாம், தாவர எண்ணெயில் செய்யுங்கள்’ என்று எழுதி, மொழிபெயர்த்துக் காட்ட வேண்டும்.

இந்தச் சீட்டோடு கேட்கத் தகுந்தவை: வினிகர் போட்டு வதக்கிய உருளைக்கிழங்குத் துருவல், நசுக்கிய வெள்ளரி, பூண்டுக்கீரை, கொத்துக்கறி இல்லாத பீன்ஸ், கறியில்லா மாப்போ டோஃபு. பீன்ஸ் மட்டும் தோல் சுருங்கி உள்ளேயும் வெந்திருக்கிறதா என்று பாருங்கள். அரைவேக்காட்டுப் பீன்ஸில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும்.

கண்டிப்பான சைவம் வேண்டுமென்றால் புத்த மடத்துச் சாப்பாட்டுக்கூடம்தான் கவலையில்லாதது. செங்டூவில் வென்ஷு மடத்தில் ஒன்று உண்டு. பௌத்த மரபில் பூண்டு, வெங்காயமும் விலக்கு. மீன், வாத்து வடிவத்தில் டோஃபு வரும், பாட்டிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஹலால் தேடுபவர்கள் ‘சிங்ஜன்’ பலகை உள்ள கடைக்குப் போக வேண்டும். சாதாரண சிச்சுவான் கடையில் பன்றி இல்லாத தட்டைக் கேட்டாலும் வாணலியும் எண்ணெயும் பொதுதான்.

மீன் விலை மெனுவில் ஏன் இல்லை?

உயிர்மீன் எடைக்கு விற்பனை. கணக்கு ‘ஜின்’னில், ஒரு ஜின் 500 கிராம். விலை ஒரு ஜின்னுக்கா முழு மீனுக்கா என்பதை ஆர்டர் சொல்லும் முன்பே தெளிவாக்குங்கள். ஆறு பேர் மேஜைக்கு இரண்டரை, மூன்று ஜின் போதும். தலையும் முள்ளும் போக ஏறக்குறையப் பாதிதான் கறி.

எந்த மீன் என்பது இன்னும் முக்கியம். மலிவானது புல்கெண்டை, சதைக்குள் இரட்டை முனை முட்கள் நிறைய. பிள்ளைகளும் பெரியவர்களும் இருந்தால் ‘வூ யூ’ என்னும் விரால் வகை கேளுங்கள், விலை கூடுதல், நடுமுள்ளைத் தவிர நுண்முள் மிகக் குறைவு.

பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும்?

சிச்சுவான் கிராமத்து விருந்தான ‘ஒன்பது பெரிய கிண்ண’த்தைத் தேடுங்கள். பெரும்பாலும் ஆவியில் வைத்தவை, பல் இல்லாதவரும் சாப்பிடலாம். ஊறுகாய்க்கீரை மேல் அடுக்கி வேகவைத்த பன்றிவயிற்றுக்கறி, அரிசிமாவில் புரட்டிய கறி, சிவப்புப் பயறு விழுது திணித்து இனிப்பரிசியோடு வைத்த இனிப்புக் கறி. கடைசியாகச் சொன்னது எல்லோருக்கும் பிடிக்காது, ஒரு சின்னக் கிண்ணம் போதும். தக்காளி முட்டை வதக்கல் மெனுவில் இல்லாவிட்டாலும் கேட்டால் பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள்.

விசாரித்துப் பார்க்காமல் சொல்லக்கூடாதவை: மாவ்ஷுவேவாங் (வாத்து ரத்தக்கட்டியும் குடலும்), பன்றி மூளை, ‘ஜெர்கன்’ என்ற வேர். இந்த வேருக்குப் பச்சை மீன் வாடை. விரும்புகிறவர்கள் உயிரை விடுவார்கள், மற்றவர்கள் அந்தத் தட்டைத் தொட மாட்டார்கள்.

ஹாட்பாட்டும் இதோடு சேர்த்துச் சொல்லலாமா?

வேண்டாம், அது தனிச் சாப்பாடு, பெரும்பாலும் தனிக் கடை. போனால் இரண்டாகத் தடுத்த பாத்திரம் கேளுங்கள், ஒரு பக்கம் காரமில்லாத சாறு. பச்சைக்கறி எடுக்க ஒரு ஜோடிச் சோப்ஸ்டிக், வாயில் வைக்க வேறு ஜோடி.

நம் ஊர் செஷ்வானுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பெயர் மட்டும். இந்தியாவின் செஷ்வான் சாஸ் வற்றல் மிளகாய், பூண்டு, இஞ்சி, வினிகர், சர்க்கரை சேர்ந்தது, பல கடைகளில் கெச்சப்பும். சிச்சுவான் மிளகும் டோபான்ஜியாங்கும் அநேகமாக இருக்காது. அது இந்தியச் சீனச் சமையல், அதன் வழியில் நல்ல சமையல்தான். அதே சுவையை எதிர்பார்த்து செங்டூவில் உட்கார்ந்தால் ஏமாற்றம் வரும்.

அஜினோமோட்டோ போடுவார்களா?

ஆம், அநேகமாக எல்லாக் கடையிலும். ‘பு ஃபாங் வெய்ஜிங்’ என்றால் வதக்கும் தட்டுகளில் விட்டுவிடுவார்கள். சோயா சாஸிலும் டோபான்ஜியாங்கிலும் இயல்பாகவே குளூட்டமேட் (அஜினோமோட்டோவில் சுவை தரும் பொருள்) உண்டு, அதைத் தவிர்க்க வழியில்லை.

மேஜையில் தெரிந்துகொள்ள வேண்டியது?

வாசலைப் பார்த்த நாற்காலி வீட்டுப் பெரியவருக்கு. சுழலும் கண்ணாடித்தட்டை, யாராவது கரண்டி போட்டுக்கொண்டிருக்கும்போது சுற்றாதீர்கள். பொதுச் சோப்ஸ்டிக் இருந்தால் அதால் எடுங்கள். சோப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்க வேண்டாம், இறந்தவர்களுக்குப் படைப்பதை நினைவூட்டும். ஷ்ரிங்க் உறையில் வரும் கிண்ணத்துக்குச் சில கடைகளில் தலைக்கு ஒன்றிரண்டு யுவான் பில்லில் ஏறும். டிப்ஸ் வழக்கம் இல்லை.

மீந்ததைக் கட்டிக்கொண்டு போகலாமா?

‘டா பாவ்’ என்றால் டப்பா வரும், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். ஷுய்ஜூ மீனை எண்ணெயிலிருந்து எடுத்துத் தனியாகக் கட்டுங்கள், ஊறவிட்டால் காரம் இரட்டிப்பாகும். ஹுய்குவோரோ, பீன்ஸ், வாத்து மூன்றும் மறுநாள் வாணலியில் சூடாக்கினால் நன்றாக இருக்கும். மாப்போ டோஃபு தண்ணீர் விட்டிருக்கும், கொதிக்கவைத்து அரைத் தேக்கரண்டி மாவு கரைத்து விட்டால் சரியாகும். குளிர்ந்த தட்டுகளைக் கட்ட வேண்டாம். சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஹோட்டல் அறையில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் விட்டுவிட்டு வாருங்கள்.